‘வாலஸ்’ குடும்பப்பெயர்ச் சுருள்: 45 பவுண்டுக்கு வாங்கியதும் 7.50 பவுண்டுக்குக் கிடைத்ததும்

எடின்பரோ போகிறவர்கள் எல்லோரும் ராயல் மைலில் ஒரு தடவையாவது நடப்பீர்கள். கோட்டை வாசலில் ஆரம்பித்து ஹோலிரூட் அரண்மனை வரை இறங்குகிற அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் நினைவுப்பொருள் கடைகள். அவற்றில் சிலவற்றில் மூலையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருக்கும். குடும்பப்பெயரைச் சொன்னால் அந்தப் பெயரின் வரலாறு என்று சொல்லி, ஓரம் கருகின மாதிரி பழுப்பேற்றிய தடித்த தாளில் அச்சடித்துத் தருவார்கள். அதைத்தான் சுருள் என்கிறேன். மேலே தங்க நிறத்தில் ஒரு சின்னம், நடுவில் இருநூறு வார்த்தை, கீழே லத்தீனில் ஒரு வாசகம். நான் அதில் ஒன்று வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. இந்தச் சரக்கு ஒரு கடையோடு முடிகிற விஷயம் இல்லை, இணையத்திலும் இதே மாதிரி நிறைய விற்கிறார்கள். வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் படித்துவிட்டு முடிவு செய்யட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் வாங்கினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகளைக் கட்டியவர் ஸ்காட்லாந்துக்காரர், பெய்ஸ்லி பக்கம். அவர்கள் வீட்டுப் பெயர் வாலஸ். போன வருடம் சம்பந்திக்கு அறுபது முடிந்தது. (அவருக்கும் ‘சம்பந்தி’ என்ற வார்த்தை பிடித்துப்போய் என்னையும் அப்படியேதான் கூப்பிடுகிறார்.) நம் ஊர் மாதிரி அறுபதாம் கல்யாணம் எல்லாம் அங்கே கிடையாது. ஆனாலும் அறுபது அறுபதுதான், வெறும் கையோடு போக மனசு வரவில்லை. அவருக்கு என்ன இல்லை, நாம் என்ன வாங்கிக் கொடுப்பது என்று ஒரு மாதம் யோசித்தபோதுதான் இந்தச் சுருள் கண்ணில் பட்டது. இன்னொரு காரணமும் உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கட்டம் வரும்போதெல்லாம் நான் அப்பா பெயரை எழுதுகிறேன், என் மகள் என் பெயரை எழுதினாள், ஒரே வீட்டில் ஆளுக்கொரு பெயர். இப்போது பேத்தி பிறந்து, பிறப்புப் பதிவில் அவள் பெயருக்குப் பின்னால் வாலஸ் என்று ஏறியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் முதன்முதலாக ஒரு பிள்ளை ஒரு குடும்பப்பெயரைச் சுமக்கிறது, அது என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள எனக்கு உண்மையாகவே ஆசை.

சரி, பொருளைப் பற்றி. ஃபிரேம் போட்டு 45 பவுண்டு. ஃபிரேம் இல்லாமல் தாள் மட்டும் என்றால் 20. பத்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். ஃபிரேம் நன்றாகவே இருக்கிறது. கறுப்பு மரம், மூலைகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றன, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் தடித்த அட்டை வைத்து எழுத்து கண்ணாடியில் ஒட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைப் பெண்ணும் பொறுமையாகப் பேசினாள், பரிசுக்கு என்றதும் துணிப் பை, ரிப்பன் எல்லாம் காசு வாங்காமல் போட்டாள். இந்த விஷயங்களில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறை எல்லாம் உள்ளே எழுதியிருப்பதில். வீட்டுக்கு வந்து மேஜை விளக்கடியில் வைத்து நிதானமாகப் படித்தேன். வாலஸ் என்பது “வீரப் போராளி” என்று பொருள்படும் தொன்மையான கெல்டிக் சொல் என்று முதல் வரி. இந்தக் குடும்பம் காலங்காலமாக ஸ்காட்லாந்து மலைநாட்டைச் சேர்ந்தது என்று இரண்டாவது. ஸ்காட்லாந்தின் விடுதலைப் போர்த் தலைவர் வில்லியம் வாலஸ் 1298இல் ஸ்டிர்லிங் பாலத்தில் ஆங்கிலேயரைத் தோற்கடித்தார் என்று மூன்றாவது. ஸ்டிர்லிங் பாலச் சண்டை நடந்தது 1297 செப்டம்பர் 11. 1298இல் நடந்தது ஃபால்கர்க் சண்டை, அதில் வாலஸ் தோற்றார். ஜெயித்த வருடத்துக்குப் பதில் தோற்ற வருடத்தைப் போட்டு அதற்குத் தங்க ஓரம் கட்டியிருக்கிறார்கள். மலைநாடு என்பதும் தப்பு, இவர்களின் ஊர்கள் அயர்ஷைர், ரென்ஃப்ரூஷைர், எல்லாம் தென்மேற்குச் சமவெளிப் பக்கம். ஆனால் இவை இரண்டையும்கூட மன்னித்துவிடலாம், அந்த முதல் வரியைத்தான் என்னால் விட முடியவில்லை.

வாலஸ் என்றால் வீரன் இல்லை. அந்நியன். ‘வேற்று மொழிக்காரன்’ என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். சொல்லும் கெல்டிக் (ஐரிஷ், வேல்ஸ் மொழிகளின் குடும்பம்) இல்லை, ஜெர்மானியச் சொல் (ஆங்கிலம், ஜெர்மன் மொழிகளின் குடும்பம்). கெல்டிக் மொழி பேசிய ஜனங்களைப் பார்த்து ஜெர்மானிய மொழி பேசிய பக்கத்து ஜனங்கள் வைத்த பெயர் அது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பெயரின் அழகே இதில்தான் இருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டில் ஜூலியஸ் சீசர் தன் போர்க் குறிப்புகளில் வோல்க்கே என்று ஒரு கெல்டிக் இனக்குழுவைப் பற்றி எழுதுகிறார். அதில் ஒரு பிரிவு இன்றைய பிரான்ஸின் தெற்கே தூலூஸ், நீம் பக்கம் இருந்தது, இன்னொரு பிரிவு ரைன் நதிக்குக் கிழக்கே, ஜெர்மானியர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. பக்கத்தில் இருந்த அந்த ஒரு குழுவின் பெயரையே ஜெர்மானியர்கள் எல்லா கெல்டுகளுக்கும் பொதுவாக வைத்துவிட்டார்கள், பிறகு ரோமானியர்களையும் அதே பெயரால் கூப்பிட்டார்கள். வோல்க்கே என்பது அவர்கள் வாயில் ‘வல்ஹ’ என்று ஆனது. க ஒலி ஹ ஆக மாறுவது அந்த மொழிகளின் வழக்கம், லத்தீனின் ‘கார்னு’ ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’ ஆகவும் ‘கென்டும்’ ‘ஹண்ட்ரட்’ ஆகவும் நிற்பதைப் பார்த்தால் புரியும். மொழியியல் படித்தவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும் விளக்கம் இதுதான். ஆக, வேர் ஒரு கெல்டிக் குழுவின் சொந்தப் பெயர், அதை எடுத்து ‘அந்நியன்’ என்ற பொருளுக்குத் திருப்பியது ஜெர்மானிய நாக்கு.

அந்த ஒரு சொல் ஐரோப்பா முழுக்க எங்கெல்லாம் முளைத்திருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். வேல்ஸ் என்ற நாட்டின் ஆங்கிலப் பெயர் இதுதான். கார்ன்வாலின் வால் இதுதான். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வல்லோனியா, ருமேனியாவின் வலாக்கியா, இத்தாலிக்குப் போலந்துக்காரர்கள் சொல்லும் ‘வ்வோஹி’, எல்லாம் ஒரே வேர். ஜெர்மன் எல்லையை ஒட்டி லத்தீன் வழி மொழி பேசினவர்கள் எங்கே இருந்தாலும் இந்தப் பெயர் அவர்கள் மேல் ஒட்டிக்கொண்டது. நம் கடைகளில் அக்ரூட் என்றும் வால்நட் என்றும் விற்கிறார்களே, அந்த வால்நட்டும் இதேதான், பழைய ஆங்கிலத்தில் ‘அந்நியக் கொட்டை’. தங்கள் ஊர் ஹேசல் கொட்டையிலிருந்து பிரித்துச் சொல்ல வைத்த பெயர்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே பறங்கிக்காய் ஞாபகம் வந்தது. ஃபிராங்க் என்பது ஒரு ஜெர்மானிய இனத்தின் பெயர். அரேபியரும் பாரசீகரும் மேற்கிலிருந்து வந்த எல்லோரையும் அந்தப் பெயரால் கூப்பிட, அது நம்மிடம் வந்து பறங்கி ஆனது. பறங்கிமலை, பறங்கிப்பேட்டை, கடைசியில் கடல் தாண்டி வந்த காய்க்கும் பறங்கிக்காய். ஒரு இனத்தின் பெயர் ‘அந்நியன்’ ஆகி, அங்கிருந்து ஒரு காயின் மேல் போய் உட்கார்ந்த கதை நம் சமையலறையிலேயே இருக்கிறது. வாலஸ் என்ற பெயரை ஒரு தமிழருக்கு விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. சம்பந்திக்கும் பின்னால் இதைத்தான் சொன்னேன்.

பிரிட்டன் தீவுக்கு ஆங்கிலேயர்கள் ஜெர்மானிய மொழியோடு வந்து இறங்கியபோது, அங்கே ஏற்கெனவே இருந்த பிரிட்டன் ஜனங்களை ‘வெயல்ஹ்’ என்றார்கள். வந்தேறியவர்கள் மண்ணின் மக்களை அந்நியர் என்று அழைத்தார்கள் என்பதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். போகப் போக அந்தச் சொல்லுக்கு அடிமை என்ற பொருளும் வந்தது. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் வெஸ்ஸெக்ஸ் அரசன் இனே போட்ட சட்டங்களில், ஒரு ஆள் கொல்லப்பட்டால் கட்ட வேண்டிய ஈட்டுப்பணம் இந்த ஜனங்களுக்கு ஒரு கணக்கு, அதே நிலையில் உள்ள ஆங்கிலேயருக்கு அதைவிடக் கூடுதல் கணக்கு. ஆனால் அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் வேறு. வேல்ஸ் மொழியில் இன்றும் அவர்கள் ‘கம்ரி’, நாடு ‘கம்ரு’. அதன் பழைய வடிவத்துக்குப் பொருள் ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள், உறவு ஜனம். வெளியே அந்நியர், உள்ளே உறவுக்காரர், ஒரே ஜனத்துக்கு இரண்டு பெயர். இருநூறு வார்த்தையில் இதற்கு ஒரு வரி கொடுத்திருந்தால் நான் அந்த 45 பவுண்டைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டேன்.

இது ஸ்காட்லாந்துக்கு எப்படி வந்தது என்பது அடுத்த விஷயம். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் பேசிய பிரெஞ்சில் இந்தச் சொல் ‘வலெய்ஸ்’. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வால்ட்டர் ஃபிட்ஸ் ஆலன் என்ற பிரபு, வேல்ஸ் எல்லையில் இருக்கும் ஷ்ராப்ஷைரின் ஆஸ்வெஸ்ட்ரி பக்கத்திலிருந்து ஸ்காட்லாந்து அரசனிடம் வந்து சேர்கிறார். அவர்தான் பெய்ஸ்லி மடத்தை நிறுவியவர். அவர் ஆட்களோடு அந்த எல்லைப் பக்கத்துக் குடும்பங்களும் வந்தன. அயர்ஷைரில் அவருக்குக் கீழ் நிலம் வைத்திருந்த ரிச்சர்ட் என்பவர் லத்தீன் சாசனங்களில் ‘வாலென்சிஸ்’ என்ற அடைமொழியோடு வருகிறார், கில்மார்னக் ஊரோடு இப்போது சேர்ந்துவிட்ட ரிக்கார்ட்டன் அவர் பெயரால் வந்த ஊர் என்பார்கள். இது ஒரு வழி. இன்னொரு வழியும் உண்டு. கிளைட் நதிக்கரையில், இன்றைய கிளாஸ்கோவைச் சுற்றி, ஸ்ட்ராத்கிளைட் என்ற பிரிட்டன்களின் அரசு பதினோராம் நூற்றாண்டு வரை இருந்தது. வேல்ஸ் மொழிக்கு அக்கா தங்கை மாதிரி ஒரு மொழி பேசினார்கள். டம்பார்ட்டன் என்ற ஊருக்கு கேலிக்கில் (ஸ்காட்லாந்தின் கெல்டிக் மொழி) இருக்கும் பெயருக்கே பிரிட்டன்களின் கோட்டை என்றுதான் பொருள். அரசு போன பிறகும் அந்த ஜனங்கள் எங்கேயும் போய்விடவில்லை, அவர்களையும் அதே வலெய்ஸ் என்ற சொல்லால்தான் குறித்தார்கள். எனவே ஒரு வாலஸின் முன்னோர் வேல்ஸ் எல்லையிலிருந்து குதிரையில் வந்தவராகவும் இருக்கலாம், கிளைட் கரையிலேயே ஆயிரம் வருடம் இருந்தவராகவும் இருக்கலாம். எந்த வழியென்று பார்த்தாலும் பெயர் சொல்வது ஒன்றுதான், இவர் பழைய பிரிட்டன் மொழிக்காரர்.

வில்லியம் வாலஸின் பெயரே இதற்குச் சாட்சி. ஸ்டிர்லிங் பாலத்தில் ஜெயித்து சரியாக ஒரு மாதத்தில், 1297 அக்டோபர் 11 தேதியிட்டு, அவரும் அவரோடு சேர்ந்து படை நடத்திய ஆண்ட்ரூ மரேயும் ஜெர்மனியின் லூபெக், ஹாம்பர்க் நகரங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். ஸ்காட்லாந்து ஆங்கிலேயர் கையிலிருந்து மீட்கப்பட்டுவிட்டது, உங்கள் வியாபாரிகள் எங்கள் துறைமுகங்களுக்குத் தைரியமாக வரலாம் என்று. லூபெக் கடிதத்தின் முத்திரையில் வில்லும் அம்பும் இருக்கிறது, சுற்றி லத்தீனில் ஆலன் வாலெய்ஸின் மகன் வில்லியம் என்று. அதற்கு நூற்றெண்பது வருடம் கழித்து எழுதப்பட்ட நெடும்பாட்டில் அப்பா பெயர் மால்கம் என்று வந்ததால் ரொம்ப காலம் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் சுருளிலும் மால்கம்தான். தன் முத்திரையில் தன் அப்பா பெயரை ஒருவர் பொறித்து வைத்திருக்கும்போது அதை விட்டுவிட்டு வேறு பெயரைத் தங்க எழுத்தில் அச்சடித்து விற்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. அப்பா பெயரையே குடும்பப்பெயராகப் போட்டுக்கொண்டு வாழ்கிற எனக்கு அது இன்னும் கொஞ்சம் உறைத்தது.

வேல்ஸிலேயே பிறந்த ஒரு வாலஸையும் இங்கே சொல்லலாம். டார்வின் கூடவே இயற்கைத் தேர்வு பற்றி எழுதிய ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 1823இல் வேல்ஸில் அஸ்க் என்ற ஊர்ப் பக்கம் பிறந்தவர். அந்நியன் என்று பெயர் வாங்கிய நாட்டிலேயே அந்தப் பெயரோடு ஒரு பிள்ளை.

சின்னத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சுருள்களை வாங்குபவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். தாளின் தலைப்பில் “வாலஸ் குடும்பத்தின் கேடயச் சின்னம்” என்று போட்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் குடும்பத்துக்கு என்று கேடயச் சின்னம் கிடையாது. அது ஒரு தனி ஆளுக்கு உரியது, அவருக்குப் பின் வாரிசுக்குப் போகும். எடின்பரோவில் லார்ட் லயன் நீதிமன்றம் என்று இதற்கென்றே ஒரு நீதிமன்றம் இருக்கிறது, 1672இலிருந்து ஒரு பதிவேடு வைத்து, எந்தச் சின்னம் யாருக்குச் சொந்தம் என்று எழுதி வருகிறார்கள். இன்னொருவர் சின்னத்தைத் தன்னுடையது என்று பயன்படுத்துவது அங்கே சட்டப்படி தவறு. குலத்தைச் சேர்ந்த எல்லோரும் அணியலாம் என்பது வேறொன்று. குலத் தலைவரின் தலைச்சின்னத்தை (கேடயத்துக்கு மேலே வரும் சின்னம்) வைத்து, சுற்றிலும் பெல்ட்டும் பக்கிளும் போட்ட வட்டமான பேட்ஜ் அது. வாலஸ்களுக்கு, வாளை ஓங்கிய கவசம் போட்ட கையும் ‘விடுதலைக்காக’ என்ற லத்தீன் வாசகமும். அந்த பேட்ஜ் இதே கடையில் தனியாக 9 பவுண்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. வாலஸ் வீட்டு ஆள் தைரியமாகக் குத்திக்கொள்ளக்கூடிய பொருள் அதுதான், ஃபிரேமுக்குள் இருக்கும் கேடயம் இல்லை.

மறுநாள் கடைக்குத் திரும்பப் போனேன். சண்டை போட இல்லை, தேதியையாவது திருத்திக் கொடுப்பார்களா என்று கேட்க. அதே பெண்தான் இருந்தாள். எழுத்து எல்லாம் கம்ப்யூட்டரில் வருவதுதான், எங்களால் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றாள். வால்ஷ் என்ற பெயரைப் போட்டுக் காட்டச் சொன்னேன். திரையில் காட்டினாள். சின்னம் வேறு, பெயர் வேறு, ஆனால் முதல் பத்தி அப்படியே அதே வாக்கியங்கள். வீரப் போராளி, தொன்மையான கெல்டிக் சொல், காலங்காலமாக. வால்ஷும் வாலஸும் உண்மையிலேயே ஒரே பெயர்தான், 1169க்குப் பிறகு நார்மன்களோடு வேல்ஸிலிருந்து அயர்லாந்துக்குப் போனவர்களுக்கு வால்ஷ் என்று பெயர். அயர்லாந்தின் மொழியில் அதை ‘ப்ரெஹ்னக்’, பிரிட்டன்காரன், என்று மொழிபெயர்த்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டர் அந்த உறவு தெரிந்து ஒரே பத்தியைப் போடவில்லை. அடுத்து மரே என்று போட்டபோதும் அதே பத்திதான் வந்தது. மரே என்பது ஸ்காட்லாந்தின் வடக்கில் இருக்கும் ஒரு வட்டாரத்தின் பெயர்.

பணம் திரும்பக் கேட்கவில்லை. ஃபிரேமை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் தாளை மாற்றுவது என்று முடிவு செய்தேன். என்ன வைப்பது என்று தேடியபோதுதான் ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் தளத்துக்குப் போனேன். இதை நான் மனசாரப் பரிந்துரைக்கிறேன்.

இது ஸ்காட்லாந்து அரசின் ஆவணக் காப்பகம் நடத்துகிற தளம். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் 1855இலிருந்து அங்கே சட்டப்படி பதிவு செய்திருக்கிறார்கள், அதற்கு முந்தின காலத்துக்கு தேவாலயப் பதிவேடுகள். கணக்கு தொடங்கிப் பெயரைத் தேடுவதற்குக் காசு இல்லை. பதிவேட்டின் பக்கத்தைப் படமாகப் பார்க்கத்தான் பணம். நான் வாங்கியபோது 30 கிரெடிட் 7.50 பவுண்டு, ஒரு பக்கத்துக்கு 6 கிரெடிட், ஆக ஐந்து பக்கம். பிறப்புப் பதிவுகள் நூறு வருடம் ஆனவைதான் இணையத்தில் படமாகக் கிடைக்கும், திருமணம் 75, இறப்பு 50. உயிரோடு இருப்பவர்களின் விவரம் வெளியே போகாமல் இருக்க இந்த ஏற்பாடு.

மகள் மூலமாக சம்பந்தியின் தாத்தா 1901இல் பெய்ஸ்லியில் பிறந்தவர் என்று மட்டும் தெரிந்துகொண்டு ஆரம்பித்தேன். ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவில் ஒரு பெரிய சௌகரியம், பெற்றோரின் கல்யாணத் தேதியும் ஊரும் அதிலேயே எழுதியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பதிவுக்குப் போனால் அங்கே மாப்பிள்ளை, பெண் இருவரின் அப்பா அம்மா பெயரும் அப்பாவின் தொழிலும் இருக்கும். பெண்களைக் கல்யாணத்துக்கு முந்தின பெயரோடும் சேர்த்தே குறிக்கிறார்கள், அதனால் அம்மா வழியும் அறுந்து போகாது. இப்படி ஒவ்வொரு படியாக இறங்கி, நான்காவது பக்கத்தில் 1866க்கு வந்துவிட்டேன். தேடும்போது எழுத்து மாற்றங்களையும் சேர்த்துத் தேடு என்ற வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பதிவில் எழுத்தர் வாலிஸ் என்று எழுதியிருந்தார், அதைப் போடாமல் தேடியதில் ஒரு சாயங்காலம் முழுக்க வீணானது.

அந்த 1866 பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். சம்பந்தியின் கொள்ளுத்தாத்தா பிறந்த பதிவு. ஒரு பக்கத்துக்கு மூன்று பதிவு, நடுவில் இருப்பது இவருடையது. பழுப்பு மை, சாய்ந்த எழுத்து. அப்பாவின் தொழில் என்ற இடத்தில் சால்வை நெசவாளி என்று இருக்கிறது. பெய்ஸ்லி அந்தக் காலத்தில் சால்வைக்குப் பேர்போன ஊர். காஷ்மீர் சால்வையைப் பார்த்து நெய்து, அந்த வளைந்த மாங்காய் வடிவத்துக்கே பெய்ஸ்லி என்று ஊர் பெயர் ஒட்டிக்கொண்டது. என் மனைவியின் பட்டுப்புடவை பார்டரில் ஓடுகிற அதே மாங்காய். தகவல் கொடுத்தவர் கையெழுத்து இருக்க வேண்டிய கடைசிக் கட்டத்தில் பிள்ளையின் அம்மா ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். எழுதத் தெரியாது. அந்தக் குறிக்கு ஒரு பக்கம் அவர் பெயர், மறுபக்கம் வாலஸ், மேலேயும் கீழேயும் ‘அவர் அடையாளம்’ என்று பதிவாளரின் சுத்தமான எழுத்து. குறியின் ஒரு கோடு மட்டும் அழுத்தமாக, முடிகிற இடத்தில் மை பொட்டாகத் திரண்டு நிற்கிறது. பேனாவை எடுக்காமல் ஒரு நொடி கூடுதலாக வைத்திருந்திருக்கிறார். திரையில் பெரிதாக்கி அந்தப் பொட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அப்பத்தாவும் ரேஷன் கார்டில் கைநாட்டு வைத்தவர்தான்.

அந்தப் பக்கத்தை நல்ல தாளில் அச்சடித்து அதே ஃபிரேமில் போட்டேன். பின்னால் ஒரு உறையில் நானே தட்டச்சு செய்த மூன்று பக்கம் வைத்தேன், வோல்க்கேயில் ஆரம்பித்து வல்ஹ, வெயல்ஹ், வலெய்ஸ் என்று பெயர் நடந்து வந்த வழி, பறங்கிக்காய்க் கதையோடு. மாப்பிள்ளை ஆங்கிலத்தைச் சரி பார்த்துக் கொடுத்தார். அறுபதாவது பிறந்தநாள் அன்று மேஜையில் வைத்து சம்பந்தி பிரித்தார். எதுவும் சொல்லாமல் முதலில் அந்தப் பெருக்கல் குறியைத்தான் விரலால் தொட்டார். பிறகு மூன்று பக்கத்தையும் அங்கேயே நின்றுகொண்டு படித்துவிட்டு, வீரன் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், அந்நியன் என்று யாருமே சொல்லவில்லையே, என்றார். முகத்தில் வருத்தம் இல்லை. பேத்தியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, உனக்கும் சேர்த்துத்தான் பாப்பா இந்தப் பெயர், என்று சொன்னபோது எனக்குத்தான் பேச்சு வரவில்லை.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு: ஃபிரேம் பிடித்திருந்தால் ஃபிரேமை மட்டும் வாங்குங்கள், வெறும் ஃபிரேம் வேறு கடைகளில் 15 பவுண்டுக்குள் கிடைக்கிறது. சுருள் வேண்டாம். உங்கள் மருமகனோ மருமகளோ நண்பரோ ஸ்காட்லாந்துக் குடும்பம் என்றால் தாத்தா பாட்டி பிறந்த வருடம், ஊர், இரண்டு மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிளில் உட்காருங்கள், ஒரு வார சாயங்காலம் போதும். பெயரின் பொருளுக்கு ஊர் நூலகத்தில் பிரிட்டிஷ் குடும்பப்பெயர் அகராதி கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், எந்தப் பெயர் எந்த வருடப் பதிவில் எந்த எழுத்தில் முதலில் வருகிறது என்பது வரை அதில் இருக்கும்.

எனக்கு இப்போது இன்னொரு வேலை வந்திருக்கிறது. சம்பந்தியின் அக்கா அந்த உறையைப் படித்துவிட்டு, அம்மா வீட்டுப் பெயரையும் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அம்மா வீட்டுப் பெயர் கால்பிரெய்த். லோமண்ட் ஏரிப் பக்கத்துக் குலம். கேலிக்கில் ‘கால்’ என்றால் அந்நியன், பின்னால் வருவது வால்ஷுக்குச் சொன்னேனே, அதே ‘ப்ரெஹ்னக்’, பிரிட்டன்காரன். வாலஸ் என்று ஜெர்மானிய மொழிக்காரர்கள் யாரைக் கூப்பிட்டார்களோ, அதே கிளைட் கரை ஜனத்தைக் கேலிக் மொழிக்காரர்கள் தங்கள் பக்கத்திலிருந்து பார்த்து வைத்த பெயர் அது. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் ஒரே பொருள். நேற்று இன்னொரு 30 கிரெடிட் வாங்கிவிட்டேன், 1889 டம்பார்ட்டன் கல்யாணப் பதிவு ஒன்றில் இருக்கிறேன்.